உங்கள் போனில் இ-சிம் வேலை செய்யுமா? பயணத்துக்கு முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இ-சிம் (பிளாஸ்டிக் அட்டை இல்லாமல், போனுக்குள்ளேயே இருக்கும் சிப்பில் இறக்கிக்கொள்ளும் சிம்) திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கி, ‘ஆட் இ-சிம்’ என்ற வரியையே போனில் காணோமே என்று தேடுகிறவர்கள் பலர் புறப்படுவதற்கு முன் சோதித்துப் பார்த்தவர்கள்தான். சோதித்த விதத்தில்தான் கோளாறு. இணையத்தில் ஒரு மாடல் பட்டியலைத் திறந்தார்கள், தங்கள் போனின் பெயர் இருந்தது, நிம்மதியாகப் பெட்டி கட்டினார்கள். ஒரே பெயரில் ஒரு நாட்டில் இ-சிம்மோடும் இன்னொரு நாட்டில் இ-சிம் இல்லாமலும் போன்கள் விற்கப்பட்டிருக்கின்றன என்பது பட்டியலின் அடிக்குறிப்பில் இருந்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

‘சப்போர்ட் பண்ணுமா’ என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. போனுக்குள் இ-சிம் சிப் இருக்கிறதா? அந்தச் சிப்பைத் தொட மென்பொருள் வழிவிடுகிறதா? வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி போன் பூட்டப்பட்டிருக்கிறதா? கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

முதலில் இரண்டு நிமிடச் சோதனை

போன் செய்யும் கீபேடில் *#06# என்று அழுத்துங்கள். கால் பட்டனைத் தொட வேண்டியதில்லை, கடைசி # விழுந்ததும் ஒரு திரை தானாக வரும். அதில் ஐஎம்இஐ என்று, போனின் அடையாளமான 15 இலக்க எண் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதோடு இஐடி என்று 32 இலக்கத்தில், 89 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இ-சிம் சிப்பின் அடையாள எண். அது இருந்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவதாக, இ-சிம் சேர்க்கும் திரை வரை போய்ப் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ் > செல்லுலார் (சில நாடுகளில் மொபைல் சர்வீஸ் என்றோ மொபைல் டேட்டா என்றோ இருக்கும்) > ஆட் இ-சிம். சாம்சங்கில் செட்டிங்ஸ் > கனெக்‌ஷன்ஸ் > சிம் மேனேஜர் > ஆட் இ-சிம். பிக்சலில் செட்டிங்ஸ் > நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் > சிம்ஸ் > ஆட் சிம். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பாதை கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் இ-சிம் என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும், இருந்தால் காட்டிவிடும்.

அந்தப் பாதையில் போய், க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேமரா திறக்கும் இடம் வரை வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திப் பின்வாங்கலாம். காசு செலவில்லாத சோதனை இதுதான். எந்தப் பட்டியலையும்விட இதைத்தான் நான் நம்புவேன். கேமரா திறக்கிறது என்றால் சிப்பும் இருக்கிறது, மென்பொருளும் வழிவிடுகிறது. மிச்சம் பூட்டு மட்டும்.

ஒரு எச்சரிக்கை: *#06# திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘இதில் இ-சிம் வருமா பாருங்க’ என்று குழுக்களில் போடாதீர்கள். ஐஎம்இஐயும் இஐடியும் ஊருக்குக் காட்டும் எண்கள் அல்ல.

அறிகுறி: ஐஎம்இஐ மட்டும் வருகிறது, இஐடி இல்லை

இரண்டு ஐஎம்இஐ தெரிகிறது, ஆகவே இ-சிம் இருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது தப்பு. ஐஎம்இஐ என்பது சிம் இணைப்பு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. இரண்டு சாதாரண சிம் போடும் போனிலும் இரண்டு ஐஎம்இஐ இருக்கும். அதனால் அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சில ஆண்ட்ராய்டு போன்கள் இந்தத் திரையில் இஐடியைக் காட்டாமல் வேறு இடத்தில் வைத்திருக்கும். செட்டிங்ஸ் > அபௌட் போன் பகுதியில், ஸ்டேட்டஸ் அல்லது சிம் ஸ்டேட்டஸ் என்ற துணைப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ் > ஜெனரல் > அபௌட் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஐஎம்இஐக்குப் பக்கத்திலேயே இஐடி இருக்கும். போன் வந்த பெட்டி இன்னும் இருந்தால் அதன் பின்பக்க ஸ்டிக்கரையும் பாருங்கள். ஐபோன் பெட்டிகளில் இஐடி அச்சாகியிருக்கும். பழைய போன் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ‘பெட்டி ஸ்டிக்கரில் இஐடி இருக்கிறதா’ என்று கேட்பது நல்ல பழக்கம். ஆனால் பெட்டியும் போனும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்று ஐஎம்இஐயை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எங்குமே இஐடி இல்லை, சேர்க்கும் திரையும் இல்லை என்றால் சிப் இல்லை. எந்த அப்டேட்டும் இல்லாத சிப்பைக் கொண்டுவந்து சேர்க்காது. ஆப் ஸ்டோர்களில் ‘எந்தப் போனிலும் இ-சிம்’ என்று வரும் செயலிகள் திட்டம் விற்பவை, அவ்வளவுதான். கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: பட்டியலில் என் மாடல் இருக்கிறது, என் போனில் இல்லை

இதில் ஒருமுறை நானே மாட்டினேன். நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: “என்னோடது ஐபோன் 12. இ-சிம் வருமா?” நான் யோசிக்காமல் “எக்ஸ்ஆருக்கு அப்புறம் வந்ததெல்லாம் வரும்” என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் போன் ஹாங்காங்கிலிருந்து கைமாறி வந்தது. சிம் ட்ரேயை வெளியே எடுத்தபோது முன்பக்கம் ஒரு சிம், பின்பக்கம் ஒரு சிம் என்று இரண்டு குழிகள். அதற்கு மேல் ஆராய ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். ஐபோன்களில் இ-சிம் 2018இல் எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ், எக்ஸ்ஆர் மாடல்களோடு வந்தது. ஆனால் சீனப் பெருநிலத்தில் விற்ற ஐபோன்களில் 2025இல் ஐபோன் ஏர் வரும் வரை இ-சிம் கிடையாது. பதிலாகப் பெரும்பாலானவற்றில் இரண்டு நானோ சிம் போடும் ட்ரே. ஹாங்காங், மக்காவ் பகுதிகளில் விற்ற பலவற்றிலும் அதே கதைதான், 12 மினி, 13 மினி போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர. ஆகவே ஐபோன்காரர்கள் பட்டியலைத் தேடுவதற்கு முன் ட்ரேயைத் திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சிம் உட்காரும் ட்ரே என்றால் பெரும்பாலும் இ-சிம் இல்லை. ஒரு சிம் மட்டும் உட்கார்ந்தால் நல்ல அறிகுறி. ட்ரேயே இல்லை என்றால் அது இ-சிம் மட்டுமே உள்ள போன். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த 14 வரிசை தொடங்கி ட்ரே கிடையாது. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்களுக்குக் கேள்வியே திரும்பிவிடுகிறது: நீங்கள் போகும் நாட்டில் கடையில் பிளாஸ்டிக் சிம் மட்டும்தான் தருவார்கள் என்றால் அதைப் போட இடமில்லை. முன்கூட்டியே இ-சிம் ஏற்பாடு செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஆண்ட்ராய்டில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இன்னும் அதிகம். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் எஸ்20இலிருந்து, அதாவது 2020இலிருந்து, இ-சிம் உண்டு என்பது பொதுவான பேச்சு. ஆனால் தென்கொரியாவில் இ-சிம் சேவை பரவலாகத் தொடங்கியதே 2022 செப்டம்பரில்தான். அதற்கு முன் அங்கே விற்ற கேலக்ஸி போனை இன்னொரு நாட்டில் கைமாற்றி வாங்கியவர் பட்டியலை நம்பினால் ஏமாறுவார். பிக்சல் 3 மாடலில் இ-சிம் உண்டு, ஆஸ்திரேலியா, ஜப்பான், தைவானில் வாங்கியதில் வேலை செய்யாது. அதற்கு முந்தைய பிக்சல் 2இல் சிப் இருந்தும் கூகுளின் சொந்த மொபைல் சேவைக்கு மட்டுமே அது பயன்பட்டது. பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அபௌட் போன் பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை எடுத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். சாம்சங் மாடல் எண்ணின் கடைசி எழுத்துதான் அது எந்தச் சந்தைக்கு என்று சொல்லும். ‘என்’ என்று முடிந்தால் கொரியா, ‘யு’ என்று முடிந்தால் அமெரிக்கா, ‘பி’ (B) என்று முடிந்தால் பொதுவான சர்வதேச வகை.

அறிகுறி: இஐடி இருக்கிறது, ஆனால் ‘ஆட் இ-சிம்’ இல்லை, அல்லது மங்கலாகக் கிடக்கிறது

குழப்பமான அறிகுறி இது. நல்லவேளை, பாதிக்குப் பாதி சரிசெய்யக்கூடியது. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. இரண்டாவது சிம் குழியைக் காலி செய்யுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் இ-சிம்மும் இரண்டாவது சிம் குழியும் ஒரே இணைப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தக் குழியில் சிம் இருந்தால் இ-சிம் வரி மங்கிவிடும். சிம்மை எடுத்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சில மாடல்களில் இரண்டாவது சிம்மின் பக்கத்துக்குள் ‘யூஸ் இ-சிம்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால்தான் குழி அணைந்து இ-சிம் விழிக்கும்.

2. சிஸ்டம் அப்டேட். சிப் இருந்தும் பின்னால் வந்த அப்டேட்டில்தான் இ-சிம் திறந்த மாடல்கள் உண்டு. பயணத்துக்கு முந்தின இரவு பெரிய அப்டேட் போடாதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

3. அலுவலகம் கொடுத்த போனா? நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள் உள்ள போன்களில் இ-சிம் சேர்ப்பதையே தடுத்து வைக்க முடியும். இதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஐடி பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள், பயணத் தேதியையும் குறிப்பிட்டு.

4. மென்பொருளை மாற்றிய போனா? கஸ்டம் ரோம் போட்டவற்றில் இ-சிம்மைக் கையாளும் சிஸ்டம் செயலி விடுபட்டுப் போயிருக்கலாம். சிப் இருக்கும், அதோடு பேச ஆள் இருக்காது. வேறு நாட்டுக்கான ரோம் ஏற்றி விற்கப்பட்ட போன்களிலும் இதைப் பார்க்கலாம்.

5. எதுவும் பலிக்கவில்லை என்றால், நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யலாம். வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும். அப்படிச் செய்யும்போது ஏற்கெனவே இருக்கும் இ-சிம்களை அழிக்கவா என்று ஒரு பெட்டியில் கேட்டால் டிக் போடாதீர்கள். வீட்டு நம்பரே இ-சிம்மில் இருந்தால், அந்த ஒரு டிக் உங்கள் நம்பரைப் போனிலிருந்து துடைத்துவிடும்.

போன் ஒருமுறை சர்வீஸுக்குப் போய் மதர்போர்டு மாற்றி வந்திருந்தால், பழைய சோதனை செல்லாது. இ-சிம் சிப் அந்த போர்டோடு ஒட்டியது, போர்டு மாறினால் இஐடியும் மாறும். *#06# மறுபடி அழுத்துங்கள். அந்த இஐடியைக் கொடுத்து வாங்கிய திட்டம் ஏதாவது இருந்தால் விற்றவரிடம் புது எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, போன் தவணையில் வாங்கியது

சேவை நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தத்தில் வாங்கிய போன் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் வேறு நிறுவனத்தின் பிளாஸ்டிக் சிம்மும் ஓடாது, இ-சிம்மும் ஓடாது. கேமரா திறக்கும், க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகும், அதன் பிறகுதான் மறுக்கும். மேலே சொன்ன இரண்டு நிமிடச் சோதனையில் அகப்படாத ஒரே ஓட்டை இது.

ஐபோனில் கண்டுபிடிப்பது எளிது: செட்டிங்ஸ் > ஜெனரல் > அபௌட் பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரி. அதில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. வேறெதாவது எழுதியிருந்தால் பூட்டு. ஆண்ட்ராய்டில் இப்படி எல்லாருக்கும் பொதுவான வரி இல்லை. வீட்டில் யாரிடமாவது வேறு நிறுவனத்தின் சிம்மை ஒரு நிமிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சிக்னல் வந்தால் சரி. ‘நெட்வொர்க் அன்லாக் பின்’ என்று கேட்டால் பூட்டு.

பூட்டைத் திறக்க வேண்டியது பூட்டியவர்தான். ஒப்பந்தம் முடிந்ததா, பாக்கி இருக்கிறதா என்று பார்த்துத் திறந்துவிடுவார்கள், அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். எனவே பயணச்சீட்டு வாங்கிய அன்றே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: க்யூஆர் கோடு ஸ்கேன் ஆனது, பிழைச் செய்தி வந்தது

இங்கே போனைக் குறைசொல்லும் முன் கோடைப் பாருங்கள். இ-சிம் க்யூஆர் கோடுகள் பொதுவாக ஒருமுறை மட்டுமே செல்லும். ஒரு போனில் ஏற்றிப் பார்த்துவிட்டு அழித்தால், அதே கோடு மறுபடி வேலை செய்யாமல் போகலாம். ‘சும்மா ஏற்றிப் பார்த்தேன், பிறகு டெலீட் பண்ணிட்டேன்’ என்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஏற்றியதைத் தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள்.

கோடு புதிதுதான் என்றால், இணைப்பு. அந்தக் கோடுக்குள் இருப்பது சிம் அல்ல, ஒரு சர்வரின் முகவரியும் ஒரு குறியீடும் மட்டுமே. சிம் விவரங்களை அந்தச் சர்வரிலிருந்து இறக்க இன்டர்நெட் வேண்டும். நல்ல வைஃபை, விபிஎன் அணைத்தது, போனில் தேதியும் நேரமும் தானியங்கி. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பதிலேயே இறக்கம் நின்றுபோகும். இதனால்தான் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது என்கிறேன். விமான நிலைய வைஃபை சிலவற்றில் நுழைய உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்புவார்கள். ரோமிங் இல்லாத நம்பருக்கு அது எப்படி வரும்?

க்யூஆர் கோடு உங்கள் போனுக்கே மெயிலில் வந்திருந்தால் அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது என்றும் முழிப்பார்கள். இன்னொரு திரையில் திறக்கலாம். ஐஓஎஸ் 17.4க்குப் பிறகு ஐபோனில் அந்தப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே ஆட் இ-சிம் வரும். எதுவும் இல்லாவிட்டால் கேமரா திரையிலேயே கையால் விவரங்களை உள்ளிடும் வழி இருக்கும். மெயிலில் வந்த எஸ்எம்-டிபி பிளஸ் முகவரியையும் (மேலே சொன்ன சர்வர் முகவரிதான் அது) ஆக்டிவேஷன் கோடையும் தட்டச்சு செய்யாமல் காப்பி பேஸ்ட் செய்யுங்கள். பூஜ்யமும் ‘ஓ’வும் குழம்பும்.

அடிக்கடி பயணிக்கிறவர்களுக்கு இன்னொன்று: பழைய நாடுகளின் இ-சிம்கள் உள்ளே குவிந்து இடம் நிரம்பியிருக்கலாம். ஐபோனில் எட்டு அல்லது அதற்கு மேல் சேமிக்கலாம், மற்ற போன்களில் எண்ணிக்கை மாறும். காலாவதியானவற்றை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். எது காலாவதி, எது வீட்டு நம்பர் என்று பெயரைப் பார்த்துவிட்டு.

அறிகுறி: ஏற்றியாயிற்று, ஆனால் சிக்னல் இல்லை

நீங்கள் இன்னும் புறப்படவே இல்லை என்றால், இது கோளாறே இல்லை. போகும் நாட்டுக்கான திட்டம் உங்கள் ஊரில் சிக்னல் பிடிக்காது. சிம் பட்டியலில் அதன் பெயர் தெரிந்தால் போதும். ஏற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்: நாள்கணக்கு ஏற்றிய நொடியில் தொடங்குமா, அங்கே போய் முதல்முறை நெட்வொர்க்கில் சேரும்போது தொடங்குமா என்று. இரண்டு விதமும் விற்கிறார்கள்.

இறங்கிய பிறகும் இல்லை என்றால் இ-சிம்மின் பக்கத்தில் டேட்டா ரோமிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயண இ-சிம்கள் பல வேறு நாட்டு நிறுவனத்தின் ரோமிங்கில் ஓடுபவை, ரோமிங் அணைந்திருந்தால் அவை பேசாது. வீட்டு சிம்மில் இதற்கு நேர் எதிர்: அதன் டேட்டா ரோமிங்கை அணைத்தே வையுங்கள், சிம்மை மட்டும் அணைக்காதீர்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ஐபோனில் ‘அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்பதையும் (டேட்டா ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவும் வசதி) அணைத்துவிடுங்கள். பெரும்பாலான பயணத் திட்டங்களில் டேட்டா மட்டும்தான், அழைப்புக்கு நம்பர் கிடையாது.

இன்னும் வரவில்லை என்றால் நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் கையால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பிறகு விற்றவர் கொடுத்த ஏபிஎன் (டேட்டா இணைப்புக்கான பெயர், சிம்மின் செட்டிங்ஸில் இருக்கும்) சரியா என்று பாருங்கள். சிக்னல் நகரத்தில் வந்து வெளியே காணாமல் போனால் அது அலைவரிசைப் பொருத்தம். போகும் நாட்டின் 4ஜி பேண்டுகளில் சில உங்கள் போனில் இருக்காது. அதைப் பயணத்தின் நடுவில் சரிசெய்ய வழியில்லை.

சிப்பே இல்லை என்று உறுதியாகிவிட்டால்

பூட்டு இல்லாத போன் என்றால் கவலையில்லை, அங்கே போய்ப் பிளாஸ்டிக் சிம் வாங்கலாம். பல நாடுகளில் பாஸ்போர்ட் காட்டச் சொல்வார்கள். ட்ரேயில் ஒரே குழிதான் இருந்தால் வீட்டு சிம்மைக் கழற்ற வேண்டிவரும், ஓடிபியை என்ன செய்வதென்று முன்பே யோசித்து வையுங்கள், சிம் ஊசியை மறக்காதீர்கள்.

உங்களோடு வருகிறவரின் போனிலோ, செல்லுலார் வசதியுள்ள டேப்லெட்டிலோ இ-சிம் இருந்தால் அதில் ஏற்றி ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம், அந்தத் திட்டம் ஹாட்ஸ்பாட்டை அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு. பாக்கெட் வைஃபை வாடகைக்கு எடுப்பது நாலைந்து பேர் ஒன்றாகச் சுற்றினால் வசதி, தனித்தனியாகப் பிரிந்தால் தொல்லை.

இ-சிம் சிப்பையே பிளாஸ்டிக் சிம் வடிவில் விற்கும் கார்டுகளும் இருக்கின்றன. சாதாரண சிம் குழியில் போட்டு, அதற்குரிய செயலி வழியாக இ-சிம் திட்டங்களை அதில் ஏற்றலாம். சில ஆண்ட்ராய்டு போன்களில் நன்றாக ஓடும், சிலவற்றில் செயலியால் கார்டைத் தொட முடியாது. வாங்குமுன் விற்பவரின் பொருத்தச் சோதனைச் செயலியை உங்கள் போனில் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பயணத்துக்காக என்றால் நான் அதை வாங்க மாட்டேன்.